அலாரம் மாட்ட வருபவரை யார் சோதிக்கிறார்கள்?

வீட்டுக்குத் திருட்டு அலாரம் மாட்ட வரும் டெக்னீஷியனை வீட்டுக்காரரே கூட்டிப்போய் எல்லாவற்றையும் காட்டுவார். எந்த ஜன்னலின் கொக்கி சரியாக விழாது, பின்வாசல் சாவி எங்கே தொங்கும், நகைப்பெட்டி எந்த அறையில், வீட்டில் எல்லோரும் எத்தனை மணிக்குக் கிளம்பிப் போவார்கள் என்று ஒன்றுவிடாமல். நாய் இருந்தால் அதன் எடையைக்கூடச் சொல்லியாக வேண்டும். நாய் குறுக்கே ஓடினால் அலறாத சென்சாரை அந்த எடையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு அவரே கருவியைச் சுவரில் பொருத்தி, ரகசிய எண்ணைப் போட்டுச் சரிபார்த்துவிட்டுப் போவார். வாரக்கணக்கில் நோட்டம் பார்க்கும் திருடனுக்குக்கூடக் கிடைக்காத தகவல் அரை நாளில் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போய்விடுகிறது. அதுவும் காபி கொடுத்து உபசரித்து.

இந்த ஆள் நம்பகமானவரா என்று யார் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் இங்கே விஷயம். ஒருவரை வேலைக்கு எடுக்கும்போது அவருடைய அடையாளம், முகவரி, பழைய வேலைகள், கடன் நிலை, குற்றப்பதிவு ஆகியவற்றைத் தேடிப் பார்ப்பதைப் பின்னணிச் சரிபார்ப்பு என்கிறோம். ஐ.டி. கம்பெனியில் சேர்ந்தவர்களுக்கு ‘பி.ஜி.வி.’ என்ற பெயரில் பழகிய சடங்குதான். ஆனால் அலாரம் தொழிலில் அதன் கனம் வேறு. இந்தத் துறைக்கென்று விதிமுறைகள் உள்ள அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் வைத்து அது எதைப் பிடிக்கும், எதைக் கோட்டைவிடும் என்று பார்ப்போம்.

யாருக்கு என்ன தெரியும்

அலாரம் கம்பெனி என்றால் ஸ்க்ரூ டிரைவரோடு வருபவர் மட்டும் இல்லை. முதலில் வருபவர் விற்பனையாளர் அல்லது சர்வே எடுப்பவர். எந்த வழி பலவீனம், எங்கே சென்சார் வேண்டும் என்று வரைபடமாகவே எழுதி வைப்பது அவர் வேலை. அதாவது, உங்கள் வீட்டுக்குள் எப்படிப் புகலாம் என்பதன் சுருக்கம் ஒரு கோப்பாகக் கம்பெனியில் இருக்கும்.

அடுத்தவர் டெக்னீஷியன். அலாரம் பேனலில் வீட்டாரின் அன்றாட எண், வீட்டாரின் மாஸ்டர் எண் ஆகியவற்றோடு இன்ஸ்டாலர் எண் என்று தனியாக ஒன்று உண்டு. அதைப் போட்டால் பேனலின் உள் அமைப்புக்குள்ளேயே நுழையலாம். எந்த சென்சார் எப்போது அலற வேண்டும், தகவல் எங்கே போக வேண்டும் என்பதையெல்லாம் அங்கே மாற்றலாம். பேனல் தயாரிப்பாளர் ஓர் எண்ணைப் போட்டே அனுப்புவார். அது கையேட்டிலும் அச்சாகியிருக்கும். அதை மாற்றாமல் விட்டுவிடுவதும், வசதிக்காக ஒரே எண்ணை எல்லா வாடிக்கையாளர் வீட்டிலும் போட்டு வைப்பதும் இந்தத் தொழிலின் பழைய வியாதி. வேலையை விட்டுப் போகிற டெக்னீஷியன் ஐடி கார்டையும் வேன் சாவியையும் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். மனப்பாடமாகிப்போன அந்த எண்ணை எப்படித் திருப்பி வாங்குவது?

மூன்றாமவரை நாம் பார்க்கவே மாட்டோம். கண்காணிப்பு மையத்தில் இரவும் பகலும் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவர் அவர். அலாரம் அடித்தால் போன் செய்து, நாம் சொல்லும் ரகசியச் சொல்லைச் சரிபார்த்து, தேவையென்றால் போலீசுக்குச் சொல்வார். யார் ஊரில் இல்லை, யாருடைய சாவி எந்தப் பக்கத்துவீட்டில் இருக்கிறது என்பதெல்லாம் அவர் திரையில் வரும். இந்த மையங்களில் ‘டெஸ்டில் போடுவது’ என்று ஒரு வழக்கம் உண்டு. டெக்னீஷியன் ஒரு வீட்டில் வேலை செய்யும்போது அலாரம் திரும்பத் திரும்ப அடிக்கும். ஒவ்வொரு தடவையும் போலீஸ் கிளம்பிவரக் கூடாது என்பதற்காக அந்த வீட்டுக் கணக்கைச் சில மணி நேரத்துக்கு டெஸ்டில் போடுவார்கள். அந்த நேரத்தில் சிக்னல் வரும், பதிவாகும். யாரும் கிளம்ப மாட்டார்கள். நியாயமான ஏற்பாடு. நாணயமில்லாத ஒருவர் கையில் இதன் பொருள் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

கேமராக்கள் இணையத்தில் ஏறிய பிறகு நான்காவதாக ஒரு கூட்டமும் சேர்ந்துவிட்டது: சர்வரைப் பார்த்துக்கொள்ளும் என்ஜினீயர்கள், வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள், அவர்களுக்கு வேலை செய்துகொடுக்கும் வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள். இவர்கள் யாரும் உங்கள் வாசலை மிதிப்பதில்லை. படுக்கையறையில் கேமரா இருந்தால் அதைப் பார்க்க முடிந்தவர்கள் இவர்கள்தாம்.

சரிபார்ப்பு நடக்கும் விதம்

இங்கிலாந்தில் இதற்கென்றே பி.எஸ். 7858 என்ற தரநிலை இருக்கிறது. இப்போதுள்ளது 2019-ஆம் ஆண்டுப் பதிப்பு. பாதுகாப்புத் துறையில் வேலைக்குச் சேர்பவரை எப்படிச் சல்லடை போட வேண்டும் என்று அது வரிசையாகச் சொல்கிறது: அடையாளம், முகவரி, அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை, கடந்த 5 ஆண்டு வரலாறு, கடன் வழக்குகளும் திவால் பதிவும், குற்றப்பதிவு. முதற்கட்டச் சோதனை முடிந்ததும் ஒருவரை நிபந்தனையோடு வேலையில் அமர்த்தலாம். மிச்சத்தை 12 வாரத்துக்குள் முடிக்க வேண்டும்.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது அந்த 5 ஆண்டு வரலாறுதான். விண்ணப்பத்தில் ஒருவர் 2019 மார்ச் முதல் 2021 ஜூன் வரை ஒரு கடையில் வேலை பார்த்ததாக எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் தரும் கடிதத்தில் 2021 பிப்ரவரியிலேயே விட்டுவிட்டார் என்று இருக்கிறது. நான்கு மாதத்துக்குக் கணக்கு இல்லை. 31 நாளுக்கு மேற்பட்ட எந்த இடைவெளிக்கும் ஆதாரம் கேட்பது அங்கே நடைமுறை. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, ஊருக்குப் போயிருந்தேன் என்றால் பயணச்சீட்டோ மருத்துவமனைக் காகிதமோ கொடுத்தால் முடிந்தது. இடைவெளி இருப்பது குற்றமில்லை. அதை மறைக்கத் தேதியை இழுத்துப் போட்டதுதான் சரிபார்ப்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும். இன்னொரு சின்ன விதி: பழைய முதலாளிக்குப் போன் செய்வதானால் விண்ணப்பத்தில் கொடுத்திருக்கும் எண்ணைக் கூப்பிடக் கூடாது, அந்த நிறுவனத்தின் எண்ணைத் தனியாகத் தேடி எடுத்துக் கூப்பிட வேண்டும். மச்சான் ஒருவரே மேனேஜர் குரலில் ‘ரொம்ப நல்ல பையன் சார்’ என்று சொல்வது எல்லா நாட்டிலும் நடக்கிற கூத்துதான்.

ஆனால் இங்கிலாந்துச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. 2001-இல் வந்த தனியார் பாதுகாப்புத் தொழில் சட்டத்தின்படி ஒப்பந்தக் காவலாளிகள், மதுக்கூட வாசலில் நிற்பவர்கள், பொது இடக் கேமராக்களைப் பார்ப்பவர்கள் போன்றவர்களுக்கு எஸ்.ஐ.ஏ. என்ற அமைப்பின் உரிமம் வேண்டும். திருட்டு அலாரம் மாட்டுபவருக்கு வேண்டாம். வாசலில் நிற்பவருக்கு உரிமம், வீட்டுக்குள் வந்து ரகசிய எண் போடுபவருக்கு இல்லை என்பது விசித்திரம்தான். இந்த இடத்தை ஓரளவு நிரப்புவது போலீசின் நடைமுறை. அலாரம் அடித்தால் போலீஸ் நேரடியாக வர வேண்டுமென்றால் அந்த அலாரத்துக்கு ஒரு தனி எண் வாங்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு அமைப்பின் சான்று பெற்ற கம்பெனி பொருத்தியிருந்தால்தான் அது கிடைக்கும். என்.எஸ்.ஐ., எஸ்.எஸ்.ஏ.ஐ.பி. என்ற இரண்டும் அப்படிப்பட்ட ஆய்வு அமைப்புகள். ஊழியர்களைச் சல்லடை போட்ட கோப்புகளையும் அவை தணிக்கையில் புரட்டும்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு. டெக்சாஸில் அலாரம் நிறுவனங்களும் ஊழியர்களும் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் கட்டுப்பாட்டில் வருகிறார்கள். கைரேகை கொடுக்க வேண்டும். கலிபோர்னியாவில் வீடுதேடிப் போகும் அலாரம் முகவரின் கைரேகை மாநில நீதித்துறைக்கும் எஃப்.பி.ஐ.க்கும் போகிறது. மாநில அளவில் உரிமமே கேட்காத இடங்களும் உண்டு.

கைரேகையை ஏன் கேட்கிறார்கள் என்றால், பெயரை வைத்துத் தேடுவது இரண்டு பக்கமும் தவறும். தவறு செய்தவர் எழுத்துக்கூட்டலை மாற்றித் தப்பிப்பார். ஒன்றும் செய்யாதவர் அதே பெயருள்ள வேறொருவரின் வழக்கைச் சுமப்பார். இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்குவதா என்று பாஸ்போர்ட்டில் ஒருமுறை திண்டாடிய எந்தத் தமிழருக்கும் இது புரியும். இதனால்தான் அமெரிக்காவின் கடன் அறிக்கைச் சட்டம், வெளி நிறுவனத்திடம் பின்னணி அறிக்கை வாங்கும் முதலாளி முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது. அந்த அறிக்கையைக் காரணம் காட்டி வேலை மறுப்பதாக இருந்தால் அதன் நகலையும் முதலில் கொடுத்தாக வேண்டும். ‘இது நான் இல்லை’ என்று சொல்ல ஒரு வாய்ப்பு.

ஒரு வினோதத்தையும் இங்கே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பொய் கண்டறியும் கருவியில் ஊழியர்களை உட்கார வைப்பதைப் பெரும்பாலான தனியார் முதலாளிகளுக்குத் தடை செய்தது. சில விதிவிலக்குகள் வைத்தார்கள். அவற்றில் ஒன்று, அணுமின் நிலையம், குடிநீர் வழங்கல், பணப்போக்குவரத்து போன்ற முக்கிய இடங்களின் பாதுகாப்பில் ஈடுபடும் நிறுவனங்களுக்கு. கவச வண்டிக்காரர்கள், காவலாளிகளோடு ‘அலாரம் வடிவமைத்துப் பொருத்திப் பராமரிப்பவர்கள்’ என்று சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்கள் புதிதாக வேலைக்கு வருபவரை அந்தக் கருவியில் சோதிக்கலாம். சோதித்து என்ன பயன் என்பது வேறு கேள்வி. அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு 2003-இல் வெளியிட்ட விரிவான அறிக்கை, ஊழியர்களைச் சல்லடை போட இந்தக் கருவியை நம்பும் அளவுக்கு அதன் துல்லியம் போதாது என்றது. வியர்ப்பதும் இதயம் படபடப்பதும் பொய்யால் மட்டுமா வரும்? வேலை கிடைக்க வேண்டுமே என்ற பயமே போதும்.

சான்றிதழில் தெரியாதது

இப்போது டெக்சாஸின் டாலஸ் நகருக்கு வருவோம். ஏடிடி அமெரிக்காவின் பழைய, பெரிய அலாரம் நிறுவனங்களில் ஒன்று. 1874-இல் தந்தி நிறுவனமாகப் பிறந்தது. அதன் டாலஸ் பகுதி டெக்னீஷியன் ஒருவர் 2021 ஜனவரியில் மத்திய நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நாலரை ஆண்டுகளில் சுமார் 200 வாடிக்கையாளர்களின் கணக்குகளுக்குள் 9,600 தடவைக்கு மேல் அனுமதியில்லாமல் நுழைந்து அவர்கள் வீட்டுக் கேமராக்களைப் பார்த்திருக்கிறார். அழகான பெண்கள் இருக்கும் வீடுகளைக் குறித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார். 2021 ஜூனில் 52 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

அவர் செய்த வித்தையில் வித்தையே இல்லை. கேமரா அமைப்பைச் செயலியில் இணைக்கும்போது யார் யார் பார்க்கலாம் என்று மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்க்கும் பட்டியல் ஒன்று வரும். அதில் தன் சொந்த மின்னஞ்சலையும் சேர்த்துவிட்டார். சில வீடுகளில் ‘சோதித்துப் பார்க்கத் தற்காலிகமாக என்னைச் சேர்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லியே சேர்த்தார். சில வீடுகளில் சொல்லாமலே. வெளியிலிருந்து யாரும் எதையும் உடைக்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் தன் கணக்கில் யாரென்று தெரியாத மின்னஞ்சல் இருப்பதைக் கவனித்து நிறுவனத்திடம் சொன்ன பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. நாலரை ஆண்டு ஓடியதை ஒரு வாடிக்கையாளரின் கண் பிடித்தது. நிறுவனத்தின் கணினி பிடிக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த நாளன்று இவரை எத்தனை கடுமையாகச் சோதித்திருந்தாலும் இதைப் பிடித்திருக்க முடியாது. இந்தக் குற்றம் செய்ய வசதியைக் கொடுத்ததே இந்த வேலைதான். பின்னணிச் சரிபார்ப்பு என்பது கடந்த காலத்தைத் திருப்பிப் பார்ப்பது. ஏற்கெனவே போலீசில் மாட்டிக்கொண்டவரைத்தான் அது காட்டும்; மாட்டிக்கொள்ளாதவரையும் இனிமேல் சபலப்படப் போகிறவரையும் காட்டாது.

மேலே சொன்ன நான்காவது கூட்டத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2023 மே மாதம் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் ‘ரிங்’ கேமரா நிறுவனத்தின்மேல் புகார் மனு தாக்கல் செய்தது. 2017 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஓர் ஊழியர் குறைந்தது 81 பெண்களின் ஆயிரக்கணக்கான வீடியோக்களைப் பார்த்தார் என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. ‘மாஸ்டர் பெட்ரூம்’ என்பது போலப் பெயரிட்டிருந்த கேமராக்களைத் தேடிப் பிடித்திருக்கிறார். சக பெண் ஊழியர் ஒருவர் கவனித்து மேலாளரிடம் சொன்னபோது, என்ஜினீயர் இத்தனை கணக்குகளைப் பார்ப்பது சகஜம்தான் என்று முதலில் தட்டிக்கழித்தார்கள். பார்த்ததெல்லாம் ‘அழகான பெண்கள்’ மட்டும் என்று தெரிந்த பிறகே மேலிடத்துக்குப் போனது. அந்த ஊழியரின் வேலையும் போனது. அப்போது எல்லா ஊழியர்களும், உக்ரைனில் இருந்த நூற்றுக்கணக்கான ஒப்பந்தப் பணியாளர்களும் எல்லா வாடிக்கையாளர்களின் வீடியோவையும் பார்க்க முடிந்தது என்கிறது மனு. நிறுவனம் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த மேலாளரின் முதல் பதில்தான் என்னை உறுத்துகிறது. யார் எதைப் பார்க்கலாம் என்று எல்லையே போடாத இடத்தில் அத்துமீறலும் வேலை மாதிரியே தெரியும்.

குற்றப்பதிவில் வராத இன்னொன்று உறவு. 1983 நவம்பர் 26-ஆம் தேதி லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பிரிங்க்ஸ்-மேட் கிடங்கில் சுமார் 3 டன் தங்கம் கொள்ளை போனது. அன்றைய மதிப்பு 2.6 கோடி பவுண்டு. கதவைத் திறந்துவிட்டவர் அங்கேயே வேலை பார்த்த காவலாளி. கொள்ளைக் கூட்டத் தலைவர்களில் ஒருவர் அவருடைய சகோதரியோடு வாழ்ந்தவர். அந்த உறவு தெரியவந்ததும் போலீசுக்கு வழக்கு அவிழத் தொடங்கியது. 2006 பிப்ரவரியில் கென்ட் மாவட்டம் டான்பிரிட்ஜில் செக்யூரிட்டாஸ் பணக்கிடங்கில் சுமார் 5.3 கோடி பவுண்டு போனது. அதற்கும் உள்ளே ஓர் ஆள் இருந்தார். வேலைவாய்ப்பு ஏஜென்சி மூலம் வந்தவர். இவை அலாரம் கம்பெனிகள் அல்ல. ஆனாலும் ஏஜென்சி வழியாக வந்தவர் என்ற விவரம் அலாரம் தொழிலுக்கு நேராகப் பொருந்தும். சட்டையில் இருக்கும் பெரிய பெயர் ஒன்று, சம்பளம் கொடுக்கும் டீலர் வேறு, அவரும் சப்-காண்ட்ராக்ட் விட்டிருப்பார் என்பது அமெரிக்காவில் சாதாரணம். சோதித்தது யார் என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார்.

வேலையில் சேர்ந்த பிறகு

ஆகவே நல்ல அலாரம் நிறுவனம், ஆளைச் சோதிப்பதோடு நிற்காமல் ஆளுக்குக் கொடுக்கும் அதிகாரத்தையும் அளந்து கொடுக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இன்ஸ்டாலர் எண். ஒரு டெக்னீஷியனுக்கு அன்றைய வேலைப் பட்டியலில் உள்ள கணக்குகள் மட்டும் திறக்கும். வேலை முடிந்ததும் மூடிக்கொள்ளும். கணக்கை டெஸ்டில் போட்டால் இன்னாருடைய கோரிக்கையில் இத்தனை மணிக்கு என்று பதிவாகும்; குறித்த நேரம் வந்ததும் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும். வாடிக்கையாளரின் பட்டியலில் புது மின்னஞ்சல் சேர்ந்தால் அவருடைய போனுக்கு உடனே செய்தி போகும். டாலஸ் வழக்கில் இந்தக் கடைசி ஒன்று இருந்திருந்தாலே கதை முதல் வீட்டில் முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பதிவேடு இருப்பது பாதி வேலைதான். அதை யாராவது படிக்க வேண்டும். எழுதி வைத்த ஒவ்வொரு நுழைவையும் மனிதர் படிக்க முடியாது. ஒரு டெக்னீஷியன் மூன்று மாதம் முன்பு வேலை செய்த வீட்டின் கேமராவை இரவு 11 மணிக்குத் திறக்கிறார் என்றால் அதைத் தனியாகக் குறித்துக் காட்டுவது கணினிக்குச் சுலபம். வேலையை விட்டுப் போகிறவரின் லாகினை அன்றைக்கே, முடிந்தால் அவருக்குச் சொல்லும் அதே மணி நேரத்தில், அடைப்பது இன்னும் சுலபம். ஆனாலும் சம்பளக் கணக்கைத் தீர்க்கும் வேகத்தில் லாகின் கணக்கைத் தீர்ப்பவர்கள் குறைவு.

சர்வே கோப்பு ஒன்று பாக்கி இருக்கிறது. 2010 மார்ச்சில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் என்ஃபீல்டில் எலி லில்லி மருந்து நிறுவனத்தின் கிடங்குக் கூரையைத் துளைத்து இறங்கிய திருடர்கள், அலாரத்தை முடக்கிவிட்டு, கோடிக்கணக்கான டாலர் மருந்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திருட்டுக்குச் சற்று முன்பு அலாரம் நிறுவனம் அந்தக் கிடங்கின் பலவீனங்களைப் பற்றித் தயாரித்த ரகசிய அறிக்கை எப்படியோ திருடர்களுக்குப் போயிருக்கிறது என்று காப்பீட்டு நிறுவனம் வழக்குப் போட்டது. அலாரம் நிறுவனம் மறுத்தது. யார் சொன்னது சரியோ, அப்படிப்பட்ட கோப்பை யார் எப்போது திறந்தார்கள் என்று ஒரு நிறுவனத்தால் காட்ட முடிய வேண்டும் என்பதில் தகராறு இருக்க முடியாது.

விற்கும்போதே ஆரம்பிக்கும் பொய்

நாணயம் என்றதும் திருட்டு மட்டும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்க அலாரம் தொழிலில் அதிகம் புகார் வருவது வீடுவீடாகப் போகும் விற்பனையாளர்கள் மேல்தான். கோடைக்காலத்தில் கமிஷனுக்குக் கதவு தட்டும் இளைஞர்கள். ‘உங்கள் பழைய கம்பெனியை நாங்கள் வாங்கிவிட்டோம், பேனலை மாற்ற வந்திருக்கிறோம்’ என்று சொல்லிப் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது பழைய தந்திரம். வட கரோலினாவைச் சேர்ந்த சி.பி.ஐ. செக்யூரிட்டி என்ற அலாரம் நிறுவனம், இப்படித் தன் வாடிக்கையாளர்களை ஏமாற்றி இழுத்ததாகப் போட்டி நிறுவனமான விவின்ட்மீது வழக்குத் தொடுத்தது. 2023-இல் நடுவர் குழு விதித்த தொகை சுமார் 19 கோடி டாலர்.

அதே விவின்ட் 2021-இல் வர்த்தக ஆணையத்தோடு 2 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்ட விவகாரம் இன்னும் விநோதமானது. கடன் தகுதி இல்லாத வாடிக்கையாளருக்கு, அவருடைய பெயரைப் போலவே பெயருள்ள வேறொருவரை இணையத்தில் தேடி எடுத்து, அந்த மனிதரின் கடன் வரலாற்றைக் காட்டி விற்றிருக்கிறார்கள் சில விற்பனையாளர்கள். வாடிக்கையாளர் பணம் கட்டாவிட்டால் வசூல்காரர் போய் நிற்பது ஒன்றும் அறியாத அந்தப் பெயர்க்காரர் வாசலில். தவறு செய்ததற்காக நீக்கிய சிலரை நிறுவனம் பிறகு மறுபடியும் சேர்த்துக்கொண்டது என்றும் ஆணையத்தின் மனு சொன்னது. பின்னணிச் சரிபார்ப்பில் இதைவிடக் கேவலமான தோல்வி இருக்க முடியாது: அந்த ஆளின் பின்னணி நிறுவனத்தின் சொந்தக் கோப்பிலேயே இருந்தது.

பழைய குற்றவாளிக்குக் கதவு மூடலாமா

எந்தக் குற்றப்பதிவு இருந்தாலும் இந்தத் தொழில் வேண்டாம் என்று சொல்லிவிடுவது எளிது. சட்டம் அப்படிச் சொல்வதில்லை. இங்கிலாந்தில் 1974-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டப்படி, குறிப்பிட்ட காலம் கடந்த பல தண்டனைகள் காலாவதியானவையாகக் கருதப்படும். அடிப்படைச் சரிபார்ப்புச் சான்றிதழில் அவை வராது. அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2012-இல் தந்த வழிகாட்டுதல், குற்றம் என்ன, எவ்வளவு காலம் ஆயிற்று, இந்த வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்ற மூன்றையும் எடைபோடச் சொல்கிறது. 19 வயதில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரை 35 வயதில் அலாரம் மாட்ட விடக்கூடாது என்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. போன வருடம் வீடு புகுந்து திருடியவர் விஷயம் வேறு.

வாடிக்கையாளராக நீங்கள்

கம்பெனியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. வருகிறவர் உங்கள் நேரடி ஊழியரா, டீலரின் ஆளா? அவரைச் சோதித்தது யார், எந்த முறைப்படி? இன்ஸ்டாலர் எண் எங்கள் வீட்டுக்குத் தனியானதா? பதில் தடுமாறினால் அதுவே பதில். அமெரிக்காவில் வீட்டு வாசலில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை 3 வேலை நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை பொதுவாக உண்டு. அவசரப்படுத்துகிற விற்பனையாளர் அதைச் சொல்ல மறந்துவிடுவார்.

வேலை முடிந்து அவர் கிளம்புவதற்கு முன்பு செயலியைத் திறந்து, பயனர் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர் முன்னாலேயே பாருங்கள். மாஸ்டர் எண்ணையும் பாஸ்வேர்டையும் அவர் போன பிறகு நீங்களே மாற்றுங்கள். சோதனைக்காகத் தன்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னால், உங்கள் போனிலேயே சோதித்துக் காட்டச் சொல்லலாம். அதற்கு மேல் அவருக்கு எதுவும் தேவைப்படாது.

இந்தியாவில் 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் காவலாளிகளையும் அவர்களை அனுப்பும் ஏஜென்சிகளையும் சுற்றியே எழுதப்பட்டது. காவலாளியின் நடத்தையும் முன்வரலாறும் சரிபார்க்கப்பட வேண்டும் என்கிறது அது. கேமரா மாட்டும் கடைக்காரரை மனதில் வைத்து எழுதியதில்லை. தமிழ்நாட்டில் ஊழியர் ஒருவரைப் பற்றிக் காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்புச் சேவையில் விண்ணப்பிக்க நிறுவனங்களுக்கு வழி இருக்கிறது. கடைக்காரரிடம் அதைச் செய்தீர்களா என்று கேட்பதில் தப்பில்லை. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் அலாரம் கிடையாது, காட்சிகளைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டியும் நான்கு கேமராவும்தான். அதன் அட்மின் பாஸ்வேர்டு மாட்டியவரிடமே இருப்பதும், ரிப்பேருக்கு வசதியாக இருக்கட்டும் என்று அவர் போனிலும் அதே செயலி ஓடுவதும் சர்வ சாதாரணம். மீதிப் பணம் கொடுப்பதற்கு முன்பு, அட்மின் பாஸ்வேர்டை உங்கள் கையால் மாற்ற வைத்து, அவர் போனில் உங்கள் கேமராக்கள் இப்போது திறக்கவில்லை என்பதைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ரிப்பேர் வந்தால் அன்றைக்கு மட்டும் ஒரு தனிப் பயனர் கணக்கைத் திறந்து கொடுத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். அந்த வசதி பெரும்பாலான பெட்டிகளிலேயே இருக்கிறது.